மெத்தையில் இருக்கு

“எங்க வீட்டுக்காரரு சம்மட்டியால செவுத்தத்தாங்க ஒடைப்பாரு. மண்டைய ஒடைக்கமாட்டாருங்க.”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே லூர்து மேரி இதைச் சொன்னாள். ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்திருந்தாள். திண்டிவனத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து விழுப்புரத்தில் இறங்கி, ரயிலடிக்குப் பின்னால் இருந்த கிருஷ்ணவேணியின் வீட்டை விசாரித்துக் கண்டுபிடித்து வந்திருந்தாள்.

“உள்ள வாம்மா. மொதல்ல தலையத் தொடைச்சிக்கோ. யாரு மண்டை?” என்றார் கிருஷ்ணவேணி, துண்டை நீட்டியபடி.

கிருஷ்ணவேணி கோர்ட்டில் சாட்சிகள் பேசுவதைச் சுருக்கெழுத்தில் பிடித்து ஓய்வு பெற்றவர். சாட்சி ‘இன்னா’ என்றால் ‘இன்னா’ என்றே எழுதுவார். அதை ‘என்ன’ என்று திருத்தச் சொன்ன வக்கீல் ஒருவர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையை இன்றும் கோர்ட் வாசலில் சொல்வார்கள். போலீஸ் கைவிட்ட சங்கதி, போலீஸ் தப்பாகப் பிடித்த சங்கதி என்று ஆட்கள் அவரைத் தேடி வருவது வழக்கமாகிவிட்டது.

“சுப்பராயலு மொதலாளி மண்டைங்க. மல்லாட்டை எண்ண மில்லு வச்சிருந்தாரே, அவரு. சனிக்கெழம சாயந்திரம் அடிச்சே கொன்னுட்டாங்க. பக்கத்துல எங்க வீட்டுக்காரரு சம்மட்டி கெடந்துது. அவரப் புடிச்சிக்கினு பூட்டாங்க.”

“பேப்பர்ல போட்டிருந்தான் அக்கா!” பக்கத்து வீட்டுப் பச்சைமுத்து கையில் பல் தூள் டப்பாவோடு உள்ளே நுழைந்தான். நாற்பது வயது. மெட்டடார் வேன் ஓட்டுபவன். கிருஷ்ணவேணியிடம் யாராவது அழுதுகொண்டு வந்தால் வேனில் டீசல் இருக்கிறதா என்று உடனே பார்த்து வைக்கிறவன். “மேஸ்திரி அமிர்தசாமி. பணத்துக்காக மெத்தைய எல்லாம் கிழிச்சிப் பாத்திருக்கான்னு எழுதியிருந்தான்.”

“வாயில இருக்கறத துப்பிட்டு வந்து பேசுடா. நீ சொல்லும்மா. அங்க இன்னா வேல நடந்துது?”

“மொதலாளி மொத மாடியில குடியிருந்தாருங்க. அதுக்கு மேல் வீட்டையும் வாங்கி, ரெண்டையும் ஒண்ணா சேக்கறாரு. நடுத் தளத்த ஒடைச்சி உள்ளயே படி, மெத்தையில தோட்டம், ஊஞ்சலு. பேரு இன்னாவோ சொல்வாங்க…”

“டூப்ளெக்ஸ்,” என்றான் பச்சைமுத்து.

“அதாங்க. தோட்டத்துக்கு நான்தான் சித்தாளா மண்ணு தூக்கினேன். சனிக்கெழம போவல, கொழந்தைக்கு ஜொரம். அன்னிக்கி மத்தியானம் மொதலாளி இவரு சட்டையப் புடிச்சி உலுக்கினாராம். ஏதோ கண்ணாடிக்காகத் தகராறு. அது போதும்னுட்டாங்க போலீஸ்ல.”

“உன் புருசன் இன்னா சொல்றாரு?”

“பிரமை புடிச்சாப்ல உக்காந்திருக்காருங்க. ‘நான் இல்ல மேரி’ன்றாரு. அதுக்கு மேல வார்த்த வரல.” லூர்து மேரி துண்டை வாயில் அழுத்திக்கொண்டாள். “தூக்குல போட்டுருவாங்களாங்க?”

கிருஷ்ணவேணி கண்ணாடிக் கூட்டில் இருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “பச்சைமுத்து, வண்டிய எடு.”

“எடுத்து நிறுத்தியே வச்சிட்டேன் அக்கா.”

திண்டிவனத்தில், செஞ்சி ரோட்டில் அந்தக் கட்டடம் இருந்தது. கீழே ஒரு வீடு, அதன்மேல் ஒன்று, அதற்கும்மேல் ஒன்று. மேல் இரண்டுக்கும் வெளியே புதுச் சாரம் கட்டியிருந்தது. மொட்டை மாடிச் சுவரின் மூலையில் ரோட்டைப் பார்த்தபடி ஒரு திருஷ்டி பொம்மை நின்றது. வைக்கோல் அடைத்த காக்கிச் சட்டை, மண்சட்டித் தலை.

இன்ஸ்பெக்டர் அரங்கநாதன் திருச்சிக்காரர். கிருஷ்ணவேணியைக் கோர்ட்டில் பார்த்துப் பழகியவர். பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

“பாருங்கம்மா. ஆனா இதுல பாக்க ஒண்ணும் இல்ல. சம்மட்டி அவனோடது. சண்டை போட்டிருக்கான்.”

முதல் மாடிக் கூடத்தின் நடுவில் மேல்தளம் சதுரமாக உடைக்கப்பட்டிருந்தது. அந்தத் திறப்பு வழியாக மேல் வீட்டுக்குப் புதிய சிமென்ட் படிகள் ஏறின. கைப்பிடி இன்னும் வைக்கவில்லை. கீழ்ப்படிகள் முழுக்க ரத்தம் காய்ந்து கறுத்துக் கிடந்தது. சுவரில் ஆள் உயரத்துக்குத் தெறித்திருந்தது. படுக்கையறையில் இலவம்பஞ்சு மெத்தை, குடல் சரிந்த ஆடு போலக் கிழிந்து தொங்கியது. பஞ்சு கூடம்வரை பறந்து வந்திருந்தது.

பச்சைமுத்து வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் போனான்.

“டாக்டர் இன்னா சொல்றாருங்க?” என்றார் கிருஷ்ணவேணி.

“முதல்ல வலது கை விரல்களை நசுக்கியிருக்கான். அப்புறம் முழங்கால் சிப்பி. கடைசியா மண்டை. அது ஒரு அடி இல்லம்மா. பல அடி.”

“அப்ப எதையோ கேட்டு அடிச்சிருக்கான்.”

“பணம் எங்கேன்னு கேட்டிருப்பான். இவரும் சொல்லியிருக்கார். ‘மெத்தையில இருக்குடா, மெத்தையில இருக்கு’ன்னு கத்தினது வாட்ச்மேனுக்கே கேட்டிருக்கு. மெத்தையைக் கிழிச்சிருக்கான். ஆளை விட்டா காட்டிக்கொடுத்துருவாருன்னு தீர்த்துட்டான்.”

கிருஷ்ணவேணி படியருகே குனிந்தார். மூன்றாம் படியின் விளிம்பில் ரத்தத்தில் இடது கை பதிந்திருந்தது. விரல்கள் மேல்நோக்கி நீண்டிருந்தன. ரத்தக் கட்டிக்கு அடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

“பச்சைமுத்து, இங்க வந்து பாரு. பஞ்சு மேல ரத்தமா, ரத்தத்து மேல பஞ்சா?”

“என்னய ஏன் அக்கா கூப்புடற?” அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். “பஞ்சு அடியில கீது. ரத்தம் மேல.”

“அப்போ மெத்தைய கிழிச்சப்புறம்தான் மண்டைய ஒடைச்சிருக்கான். அது நடக்கச்சே இவரு முழங்காலு ஒடைஞ்சி, இந்தப் படியில மேல ஏற பாத்திருக்காரு. தப்பிச்சி ஓடறவரு வாசப்பக்கம்தான போவணும்? மேல இன்னாத்துக்கு?”

இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்தார், படியைப் பார்த்தார்.

“கண்ணாடிக்குத் தகராறுன்னு சொல்றாங்களே, எந்தக் கண்ணாடிங்க?”

“சன்னல் கண்ணாடிதான். பாண்டிச்சேரியிலேர்ந்து பெருசு பெருசா வரவழைச்சிருக்கார். இவன் ஏதாவது உடைச்சிருப்பான்.”

பச்சைமுத்து இரண்டு வீட்டையும் சுற்றிவிட்டு வந்தான். “ஒண்ணுகூட ஒடையல அக்கா. கீறல்கூட இல்ல.”

வாட்ச்மேன் சீனுவாசன் சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அறுபதை நெருங்கியவர். சொந்த ஊர் மயிலம்.

“இந்த டூப்ளிகேட்டு வீட்டுக்கு வந்த நாளா எனக்குப் பேஜாருதாம்மா.”

“டூப்ளெக்ஸ்யா அது,” என்றான் பச்சைமுத்து.

“எதுவோ ஒண்ணு. சனிக்கெழம இருட்டற நேரம். கரண்டு இல்ல. கேட்டு சாத்திதான் இருந்துது. ஐயா குரல் கேட்டுது, ‘மெத்தையில இருக்குடா’ன்னு. நான் டார்ச்ச எடுத்துக்கினு வெளிப்படி வழியா ஜல்தியா மேல ஓடினேன். மேல ஒருத்தனும் இல்ல. தண்ணித் தொட்டி பின்னாடிகூட பாத்தேன். அப்பதான் கீழ தொம்மு தொம்முன்னு சத்தம். எறங்கி வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சி.”

“கீழே கத்தினா இவன் மேலே ஓடியிருக்கான் பாருங்க. பயந்தாங்கொள்ளி,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“நான் ஏன் பயப்படறேன்? பட்டாளத்துல மூட்டை தூக்கினவன் நான்!”

கிருஷ்ணவேணி மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பச்சைமுத்து உஷாரானான். அக்காவுக்கு ஏதோ அகப்பட்டுவிட்டது.

“கேட்ட தாண்டி யாரும் வெளிய போனாங்களா?”

“இல்லம்மா. மேஸ்திரி போனத நான் பாக்கல. டீக்குப் போயிருந்தேன். அதான் அவரு உள்ளயே ஒளிஞ்சிக்கினு இருந்தாருன்றாங்க.”

“கீழ் வீட்டுல யாரு?”

“மருந்து கம்பெனி சாரு. ஆவுடையப்பன். நல்ல மனுசன், பாவம். முன்ன மேல் வீட்டுலதான் வாடகைக்கு இருந்தாரு. ஐயா வாங்கினதும் கீழ வந்துட்டாரு. பொண்டாட்டி ரெண்டு வருசம் மின்ன எவங்கூடவோ ஓடிப்போச்சி. அதுவும் எப்பேர்ப்பட்டது? சோடாபுட்டி கண்ணாடி. அத கழட்டிட்டா எருமைய பாத்து ‘வாங்க மாமா’ன்னும். அது ஓடிப்போச்சாம்!”

அந்த நேரம் ஆவுடையப்பனே பையோடு வெளியே வந்தார். தலை வாரி, சட்டையை உள்ளே விட்டு, பளபளவென்று இருந்தார். குனிந்த தலை நிமிராமல் பேசினார்.

“நான் டூர் முடிஞ்சு அப்பத்தான் வந்து படுத்தேங்க. சத்தம் கேட்டு எந்திரிச்சு வாரதுக்குள்ள வாட்ச்மேன் அழுதுக்கிட்டு நின்னாரு. சுப்பராயலு சார் தங்கமான ஆளு. தட்டட்டியில தோட்டம் போடணும்னு அவ்வளவு ஆசை. பூந்தொட்டியத் தூக்கிக்கிட்டு அங்கனதான் கிடப்பாரு.”

“எதுல தோட்டம்?” என்றான் பச்சைமுத்து.

“மேலதாங்க. டெரஸ்ல. எங்க திருநெல்வேலிப் பக்கம் அப்படிச் சொல்லுவோம்.”

“நல்ல வார்த்தைங்க,” என்றார் கிருஷ்ணவேணி.

அதன்பின் அவரும் பச்சைமுத்துவும் மட்டும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள். சிமென்ட் தொட்டிகளில் ரோஜாப் பதியன்கள் மழையில் சாய்ந்து கிடந்தன. கைப்பிடிச் சுவர் ஒரு பக்கம் முழங்கால் உயரம்தான் எழும்பியிருந்தது. ஓரத்தில் சாந்துக் கரண்டி, கடப்பாரை, குழைத்த சுண்ணாம்புச் சட்டி. கிருஷ்ணவேணி தொட்டிகளைப் பார்க்கவில்லை. நேராகத் திருஷ்டி பொம்மையிடம் போய், சுவரோரம் எட்டி அதன் முகத்தைப் பார்த்தார். பச்சைமுத்துவும் எட்டிப் பார்த்தான்.

கரியால் மீசை வரைந்த மண்சட்டி முகத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி மாட்டியிருந்தது. தடித்த கண்ணாடி. ஒரு பக்கம் விரிசல்.

“அக்கா…”

“கத்தாத. கீழ போயி இன்ஸ்பெக்டர் கிட்ட சொல்லு. செத்தவரு சம்சாரத்த கூட்டிக்கினு வரச் சொல்லு. லூர்து மேரிய ஸ்டேஷனுக்கு அனுப்பி அவ புருசன ஒரே ஒரு வார்த்தை கேக்கச் சொல்லு. ‘பொம்மைக்கு மாட்டினது எங்க கெடைச்சுது?’ அவ்ளோதான்.”

சாயந்திரம் வெயில் இறங்கும் நேரத்துக்கு எல்லோரும் மொட்டை மாடியில் கூடினார்கள். சுப்பராயலுவின் மனைவி வெள்ளையம்மாள் அழுது வீங்கிய முகத்தோடு ஊஞ்சல் சட்டத்தில் சாய்ந்திருந்தார். புருஷன் செத்த அன்று அவர் தாய் வீட்டில் இருந்தார். லூர்து மேரி ஸ்டேஷனிலிருந்து நேராக வந்து சுண்ணாம்புச் சட்டி பக்கத்தில் நின்றாள். சீனுவாசன், ஆவுடையப்பன், இன்ஸ்பெக்டர், ஒரு கான்ஸ்டபிள். திருஷ்டி பொம்மை எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி ரோட்டைப் பார்த்து நின்றது.

“ஒரே ஒரு கேள்விதான்,” என்றார் கிருஷ்ணவேணி. “ஒருத்தர் ‘மெத்தையில இருக்கு’ன்னு சொன்னா நீங்க எங்க போய்த் தேடுவீங்க? சீனுவாசன், நீங்க சொல்லுங்க.”

“இது ஒரு கேள்வியாம்மா? மேலதான். இங்கதான். அன்னிக்கி ஓடி வந்தேனே!”

“வெள்ளையம்மா?”

“இங்கதாங்க. எங்க வீட்டுல படுக்கறத ‘பெட்டு’ன்னுதான் சொல்வோம். மெத்தைன்னா மொட்ட மாடிதான்.”

“லூர்து மேரி?”

“மெத்தைக்கு மண்ணு தூக்கினேன்னு காத்தாலயே சொன்னனேங்க.”

“இன்ஸ்பெக்டர் ஐயா?”

அரங்கநாதன் சங்கடத்தோடு தொப்பியைச் சரிசெய்தார். “நான் கட்டில் மெத்தைன்னுதான் நெனச்சேன். அதுக்காக நானும் கொலைகாரனாம்மா?”

“நீங்க கிழிஞ்ச மெத்தைய பாத்துட்டு அந்த வார்த்தைய கேட்டீங்க. அவன் வார்த்தைய கேட்டுட்டு மெத்தைய கிழிச்சான். இந்த ஊருல பொறந்தவன் யாரா இருந்தாலும் மேல ஓடி வந்திருப்பான். அமிர்தசாமி பொறந்ததும் வளந்ததும் இங்கதான். வெளியூர்க் காதுக்குத்தான் அந்த வார்த்தை கட்டிலுக்குப் போவும். ஆவுடையப்பன் சார், நீங்க எங்க தேடுவீங்க?”

ஆவுடையப்பன் சிரித்தார். “நாலு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன் அம்மா. எனக்குத் தெரியாதா?”

“எப்படி தெரியும்? காத்தால நீங்களே சொன்னீங்க, ‘தட்டட்டி’. புரியலன்னதும் ‘டெரஸ்’. சட்டைய உள்ள வுட்ட மனுசன் கிட்ட இந்த ஊருக்காரங்க எல்லாரும் டெரஸ்னுதான் பேசியிருப்பாங்க. மெத்தைன்னு சொல்ல கூச்சப்பட்டிருப்பாங்க. வலியில துடிக்கறவருக்கு கூச்சம் ஏது? அவரு வாயில அவரு வார்த்தைதான் வந்துது.”

“பணத்தைத் தேடினவன் எவனோ. எனக்கு என்ன சம்பந்தம்?”

“பணம்னு யாரு சொன்னா? பச்சைமுத்து, அந்த பொம்மைய திருப்பு.”

பச்சைமுத்து பொம்மையின் இடுப்பைப் பிடித்துத் திருப்பினான். இறங்கும் வெயில் அந்தத் தடித்த கண்ணாடிகளில் பட்டு இரண்டு நெருப்பு வட்டங்களாக எரிந்தது.

“ஐயோ!” வெள்ளையம்மாள் எழுந்துவிட்டார். “இது இவரு சம்சாரம் மரகதத்தோட கண்ணாடி! கொக்கி ஒடைஞ்சிபோச்சுன்னு நான்தான் செவப்பு நூலு சுத்திக் குடுத்தேன். அதோ, நூலு இருக்கு பாருங்க!”

“லூர்து மேரி கேட்டுக்கினு வந்துட்டா. மேல் வீட்டு அடுப்பங்கரை மேடைய அமிர்தசாமி ஒடைச்சாரு,” என்றார் கிருஷ்ணவேணி. “மேடைக்கும் செவுத்துக்கும் நடுவுல இருந்த சந்துல இது கெடந்துது. யாருதுன்னு அவருக்குத் தெரியாது. சிரிப்புக்கு பொம்மைக்கு மாட்டினாரு. மத்தியானம் சுப்பராயலு பாத்தாரு. ‘இந்தக் கண்ணாடி எங்கடா கெடைச்சுது’ன்னு சட்டைய புடிச்சாரு. அதத்தான் எல்லாரும் சன்னல் கண்ணாடின்னு நெனச்சிக்கினாங்க. கண்ணாடி இல்லாம வாசப்படி தெரியாத பொண்ணு, கண்ணாடிய வுட்டுட்டு எப்படி ஓடிப்போவும்? டூர்லேர்ந்து வந்ததும் உங்கள மேல கூப்புட்டு அதத்தான் கேட்டிருக்காரு.”

ஆவுடையப்பன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றிருந்தது. எடுத்துவிட மறந்தது போல.

“நீங்க பதில் சொல்லல. கையில கெடைச்சது சம்மட்டி. ‘கண்ணாடிய எங்க வச்சிருக்க’ன்னு விரல ஒடைச்சீங்க, முட்டிய ஒடைச்சீங்க. அவரு உண்மையத்தான் சொன்னாரு. நீங்க கட்டில் மெத்தைய குத்திக் கிழிச்சீங்க. ‘அங்க இல்லடா, மேல’ன்னு காட்டறதுக்கு அவரு ஒடைஞ்ச காலோட படியேறினாரு. ஏமாத்திட்டு ஓடறாருன்னு நெனச்சி மண்டைய ஒடைச்சீங்க. வாட்ச்மேன் மெத்தையில தேடிக்கினு இருக்கச்சே உங்க வீட்டுக்குள்ள போயி கதவ சாத்திக்கினீங்க. அன்னியிலேர்ந்து இந்த பொம்மை உங்க தலைக்கு மேலயே நிக்குது சார். நீங்க ஒரு தபா நிமிந்து பாத்திருந்தா போதும்.”

அவர் இப்போது பார்த்தார். பொம்மையை நேருக்கு நேர் பார்த்தார்.

“அப்பவும் இப்படித்தான் பார்த்தா,” என்றார் மெதுவாக. “கண்ணாடி தெறிச்சு விழுந்தப்புறம். நான் எந்தப் பக்கம் நிக்கேன்னுகூட அவளுக்குத் தெரியல.”

அடுத்த கணம் கடப்பாரை அவர் கையில் இருந்தது. அது கிருஷ்ணவேணியின் தலையை நோக்கி வந்தது. பச்சைமுத்து குறுக்கே பாய்ந்தான். தோள் எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கடப்பாரை இரண்டாம் முறை உயர்ந்தபோது, லூர்து மேரி சட்டியோடு தூக்கிச் சுண்ணாம்பை அவர் முகத்தில் அடித்தாள்.

அவர் அலறிக்கொண்டு கண்களைப் பிராண்டினார். காற்றில் கையைத் துழாவியபடி முழங்கால் உயரச் சுவரை நோக்கித் தடுமாறினார். கான்ஸ்டபிள் காலைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினார். இன்ஸ்பெக்டர் முதுகில் முட்டியை வைத்து அழுத்தினார்.

“மரகதம் எங்கடா?”

“மயிலம் ரோட்டுல… தூர்ந்த கிணறு… தண்ணி, தண்ணி ஊத்துங்க… கண்ணு எரியுது!”

சீனுவாசன் தொட்டியிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டு வந்தார். ஊற்றுவதற்கு முன் ஒரு நிமிடம் அப்படியே நின்றார். பிறகு ஊற்றினார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் தோளில் கட்டோடு பச்சைமுத்து உட்கார்ந்திருந்தான். அமிர்தசாமியும் லூர்து மேரியும் பார்க்க வந்திருந்தார்கள்.

“சும்மா சிரிக்கறதுக்குத்தாங்க மாட்டினேன். செத்தவங்களுதுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்,” என்றார். அதுதான் கைதான பிறகு அவர் கோர்வையாகப் பேசிய முதல் பேச்சு. லூர்து மேரி அவர் முதுகைத் தடவிக் கொடுத்து வெளியே கூட்டிப் போனாள்.

பச்சைமுத்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிருஷ்ணவேணி பக்கம் திரும்பினான்.

“அக்கா, அந்தாளுக்கு மெத்தைன்னா இன்னான்னு தெரிஞ்சிருந்தா?”

“மேல போயி கண்ணாடிய எடுத்துக்கினு போயிருப்பான்.”

“சுப்பராயலு பொழைச்சிருப்பாரா?”

“பொழைச்சிருக்கலாம்.” கிருஷ்ணவேணி தன் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். “மரகதம் இன்னும் ஓடிப்போனவளாவே இருந்திருப்பா.”